சவரிமுத்து மகன் அந்தோணியின் பன்னிரண்டு கட்டங்கள்

மாதம் பிறந்தால் முதல் வேலையாக ஓர் இயந்திரம் என்னைப் பார்த்து, நீ சவரிமுத்து மகன் அந்தோணிதானே என்று கேட்கும். நானும் ஆமாம் என்று பொத்தானை அழுத்துவேன். குளுவாங்கில் ஒரு வங்கியின் வாசலில் நிற்கும் பணம் போடுகிற இயந்திரம் அது. கடன் கணக்கு எண்ணைத் தட்டியதும் திரையில் பெயர் வரும்: அந்தோணி அனாக் லெலாக்கி சவரிமுத்து. அனாக் லெலாக்கி என்றால் மகன். இந்த நாட்டு அடையாள அட்டைகளில் தமிழர் பெயர் அப்படித்தான் இருக்கும். பெயர் சரியா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். சரி என்று தொட்டால்தான் பணத்தை விழுங்கும். என் பெயர் முருகேசன். அப்பா பெயர் கருப்பையா, ஊர் அறந்தாங்கி. ஐந்து வருடமாக மாதம் ஒருமுறை நான் இன்னொருவருடைய மகன் என்று ஒப்புக்கொண்டு, நானூற்றுச் சொச்சம் ரிங்கிட்டை அந்த வாய்க்குள் திணித்துவிட்டு வருகிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், இதில் ஏதோ கள்ள வேலை இருக்கிறது என்று நினைப்பீர்கள். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. காஹாங் பக்கத்தில் செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கிற எண்ணெய் ஆலையில் எனக்குக் கொதிகலன் பராமரிப்பு வேலை. பஸ் வராத இடம். ஒரு பிளேடு வாங்க வேண்டுமென்றாலும் யாராவது வண்டி எடுக்க வேண்டும். வந்த புதிதில் கார் கடனுக்காக மூன்று வங்கிகளின் படி ஏறினேன். ‘பெர்மிட் ஒரு வருஷத்துக்குத்தானே இருக்கு, கடன் ஆறு வருஷத்துக்குக் கேட்கிறீங்களே’ என்று மூன்று பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். என் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டிப் பார்த்த ஒருவர், ‘உங்க பேர்ல எந்தப் பதிவும் இல்ல’ என்றார். கடன் வாங்கியதே இல்லை என்பதை அதுவரை நான் பெருமையாக நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால், ஏதோ ஆளே பிறக்கவில்லை என்பது போல இருந்தது.

அப்போதுதான் அந்தோணி அண்ணன் வந்தார். எங்கள் ஆலையிலிருந்து பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு எண்ணெய் டாங்கி லாரி ஓட்டுகிறவர். பெக்கோக்கில் பிறந்து வளர்ந்தவர். அப்பா, தாத்தா எல்லாம் தோட்டத்து ஆட்கள். மகளுக்கென்று கடனில் ஒரு சின்னக் கார் வாங்கியிருந்தார். மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள். கார் வாசலில் சும்மா நின்றது, தவணை மட்டும் ஓடியது.

“நீ எடுத்துக்க தம்பி. மாசா மாசம் நீயே கட்டிடு. கட்டி முடிச்சதும் பேரு மாத்திக்கலாம். சிம்பிள் லா.”

இதற்கு இங்கே ‘சம்போங் பாயார்’ என்று பெயர். ஒருவர் பெயரில் இருக்கும் கடனை இன்னொருவர் தொடர்ந்து கட்டுவது. சட்டப்படி கூடாது, வங்கிக்குத் தெரிந்தால் காரை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் ஊரெல்லாம் நடக்கிறது. நாங்கள் ஒரு துண்டுத் தாளில்கூட எழுதிக்கொள்ளவில்லை. சாவியைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அவர் மனைவி ரோஸ்மேரி அக்கா கார் பின்சீட்டில் கிடந்த மகளின் பழைய குடையை எடுத்துக்கொண்டு, ‘பாத்து ஓட்டுங்க தம்பி’ என்றார், அவ்வளவுதான்.

பேச்சை வைத்தே கொடுத்து வாங்குவது எனக்குப் புதிதில்லை. அப்பா அறந்தாங்கியில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் குமாஸ்தா. திருப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கடைக்காரர்களுக்கு மூட்டைகள் வரும். லாரி வாடகையைக் கட்டிவிட்டுத்தான் மூட்டையை எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் யாரை ‘எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று அனுப்பலாம் என்பது அப்பாவின் தலைக்குள் இருந்தது. வெளியூர் மொத்த வியாபாரிகள்கூட அப்பாவுக்குப் போன் போட்டு, இன்ன கடை எப்படி, சரக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். அப்பா யாரையும் நல்லவன், கெட்டவன் என்று சொல்ல மாட்டார். ‘அனுப்புங்க’ என்பார். இல்லையென்றால் ‘கொஞ்சம் பொறுங்க’ என்பார். அந்தப் போன் மேஜையும் அதன் கண்ணாடிக்கு அடியில் இருந்த சாமி படமும், சணல் சாக்கின் வாசமும் எனக்கு இப்போதும் அப்படியே நினைவில் இருக்கின்றன. பள்ளி விட்டால் நேரே அங்கேதான் போவேன்.

ஒரு சமயம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இரண்டு மாதமாக வாடகை கட்டவில்லை. கடைத்தெருவில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். கடைக்காரரின் மனைவிக்குத் தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்திருந்தது. திரும்பி வந்த அப்பா, புதிதாக வந்திருந்த இரண்டு மூட்டைகளையும் தூக்கிக் கடையில் போடச் சொன்னார். லாரி முதலாளி போனில் கத்தினார். அப்பா ரிசீவரைக் காதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு, “ஏன் லேட்டுன்னு கேக்கணும் மொதலாளி. கேக்காம எழுதுனா அது கணக்கு இல்ல, கோள் சொல்றது” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், தைப் பொங்கல் கழிந்த வாரம், அப்பா போய்விட்டார். ஆலை மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிடைத்த விமானத்தில் ஓடினேன். அந்தோணி அண்ணன்தான் ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் விமான நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது என் சட்டைப் பையில் கொஞ்சம் பணத்தைச் செருகினார்.

வீட்டில் சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ‘கருமாதி முடியிற வரைக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் வேண்டாம்டா.’ எங்கள் பக்கம் அது வழக்கம். கடன் கொடுத்தவன்கூட அந்தப் பதினாறு நாள் வாசலுக்குத் துக்கம் கேட்கத்தான் வருவான், பணம் கேட்டு வரமாட்டான். அந்த ஜவுளிக்கடைக்காரர் வந்தார். கிழவராகிவிட்டார். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். கருமாதி முடிந்து பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கப் போனால், ‘அதெல்லாம் வந்துருச்சு தம்பி’ என்றார். யார் கொடுத்தது என்று கேட்கத் தேவையில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அப்போதெல்லாம் மாதக் கடைசியில்தான் கட்டுவேன். அந்த மாதத் தவணை எனக்கு ஞாபகம் இல்லாமலில்லை. இருந்தது. சாவு விழுந்த வீடு, பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். யார் பொறுத்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேனோ, எனக்கே தெரியாது. கருமாதி முடிந்ததும் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டியிருந்தது. இன்று போய் நாளை வா என்றே ஒரு மாதம் ஓடியது. இரண்டாவது தவணையும் போயிற்று. அந்தோணி அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்வார். அம்மா சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா என்று கேட்பார். தவணை பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. பார்த்தாயா, மனிதன் என்றால் இவரல்லவா என்று அம்மாவிடம் சொன்னேன். மார்ச் மாதம் திரும்பி வந்ததும் நேரே குளுவாங் போய், மூன்று தவணையையும் அபராதத்தோடு ஒன்றாகக் கட்டிவிட்டு, நாக்கில் ஒட்டியிருந்த கசப்பு போனதுபோல மூச்சு விட்டேன்.

ஏப்ரலில்தான் இடி விழுந்தது. அண்ணன் குடியிருந்தது தோட்டத்துக் குடியிருப்பு. தோட்டம் கைமாறி, எல்லோரையும் ஒன்றரை வருடத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். குளுவாங்கில் கட்டிக்கொண்டிருந்த மலிவு விலை வீடுகளில் ஒன்றுக்கு அண்ணன் முன்பணம் கட்டியிருந்தார். முனை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் வரும். அங்கே அடுப்பு போட்டுக் கேக் செய்து விற்க வேண்டும் என்பது ரோஸ்மேரி அக்காவின் பல வருடக் கணக்கு. வீட்டுக் கடனுக்கு எழுதிப் போட்டார்கள். வங்கி முடியாது என்றுவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடிப்போனபோது அக்கா சமையலறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு மேஜை இழுப்பறையைத் தூக்கிவந்து அப்படியே என் முன்னால் கவிழ்த்தார். அத்தனையும் வங்கிக் கடிதங்கள். தவணை நிற்கிறது, உடனே கட்டவும், இறுதி எச்சரிக்கை. கடன் அண்ணன் பெயரில் அல்லவா? கடிதமும் அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது.

“ரெண்டு மாசம் இவரு ஒளிச்சு ஒளிச்சு வச்சிருக்காரு. எனக்கே தெரியாது!”

“ஏண்ணே எங்கிட்ட சொல்லல?” என்றேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். “தகப்பன தூக்கிக் குடுத்துட்டு நிக்கிற ஆளுகிட்ட போய் காசு கேக்கச் சொல்றியா? எப்படித் தம்பி கேக்கிறது? நீ வந்து கட்டிடுவேன்னு தெரியும். வீட்டு லோனுக்கு இத பாப்பாங்கன்னு எனக்கு என்ன தெரியும், அலமாக்!”

துக்க வீட்டில் பணத்தைப் பேசக்கூடாது என்று நான் ஊரில் நினைத்தேன். அவர் இங்கே நினைத்தார். கடல் கடந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்த ஒன்று மட்டும் அவரிடம் அப்படியே இருந்திருக்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டி, நடுவில் ஒரு வீட்டைக் கவிழ்த்துவிட்டோம். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

மறுநாள் அண்ணனோடு நானும் வங்கிக்குப் போனேன். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை. மேஜைக்கு அந்தப் பக்கம் தலையில் தூடோங் கட்டிய இளம் மலாய்ப் பெண். நல்ல முகம். ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பினாள். மத்திய வங்கி வைத்திருக்கும் கடன் அறிக்கை. யார் யாரிடம் எவ்வளவு கடன், கடைசிப் பன்னிரண்டு மாதம் எப்படிக் கட்டினார்கள் என்று மாதத்துக்கு ஒரு கட்டம். ஒழுங்காகக் கட்டியிருந்தால் சுழி. ஒரு தவணை நின்றால் 1, இரண்டு நின்றால் 2. வரிசையாகச் சுழிகள், அவற்றுக்கு நடுவே ஜனவரியில் ஒரு 1, பிப்ரவரியில் ஒரு 2. இதையெல்லாம் பார்த்து ஒரு தனியார் நிறுவனம் அண்ணனுக்கு மூன்று இலக்கத்தில் மதிப்பெண்ணும் போட்டிருந்தது. மூன்று வருடமாக நான் விடாமல் கட்டிய பணமெல்லாம் அவருடைய நல்ல பெயராக அங்கே ஏறியிருந்தது. அதை நானே இரண்டு மாதத்தில் இறக்கிவிட்டேன்.

என் அரைகுறை மலாயில் சொன்னேன்: அப்பா இறந்துவிட்டார், அதனால்தான் இந்த இரண்டு மாதமும் கட்ட முடியவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. ஆனால் அவள் பார்த்தது என்னை அல்ல. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரை. “தக்சியா, எஞ்சிக்” என்று அண்ணனிடம் துக்கம் கேட்டாள். “உங்கள் அப்பாவா?”

இல்லை, என் அப்பா என்று சொன்னால், உன் அப்பா இறந்ததற்கு இவர் கார் தவணை ஏன் நின்றது என்று கேட்பாள். கார் என் கையில் இருப்பது வெளியே வரும். அண்ணனின் அப்பா சவரிமுத்து பெக்கோக்கில் இறந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “யா. பாப்பா சாயா” என்றார். ஆமாம், என் அப்பா.

அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். ஆனால் உட்கார்ந்ததும் திரையைக் காட்டி, “சிஸ்தம் தா பாச்சா செபாப், எஞ்சிக்” என்றாள். இந்த ஏற்பாடு காரணத்தை வாசிக்காது. புது மாதம் ஏற ஏறப் பழைய மாதம் கழன்று விழும். அதுவரை ஒழுங்காகக் கட்டிவிட்டு வாருங்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. ஏன் லேட்டுன்னு கேக்கணும் மொதலாளி. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அண்ணன் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

உடனே ஊரை உயர்த்தி, இந்த நாட்டைத் தாழ்த்தி எழுதினால் உங்களுக்குப் படிக்கச் சுகமாக இருக்கும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. அறந்தாங்கிக் கடைத்தெருவில் சேலத்துக்காரர் ஒருவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். சொந்தமோ தெரிந்தவரோ யாருமில்லை. ‘ஆளு யாரு என்னன்னு தெரியாது’ என்று அப்பா அவருக்கு மட்டும் ஒரு மூட்டைகூடக் கடனுக்கு விட்டதில்லை. மூன்று வருடம் அவர் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, எச்சில் தொட்டுத் தொட்டு நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் பாத்திரத்தை எடுத்தார். ஒரு நாள் லேட் இல்லை. அந்த ஒழுங்கை அப்பாவின் தலை எழுதிக்கொள்ளவே இல்லை. இங்கே மூன்று வங்கிகளில் வாசல் வரை வந்து திரும்பியபோது எனக்கு அந்த மனிதரின் முதுகு நினைவுக்கு வந்தது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பாத்திரக்காரர் என்றே சொல்வோம்.

வீடு கட்டுகிற கம்பெனியின் சீன முதலாளி ஆறு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். எங்களுக்கு வேண்டியது பதினொரு மாதம். ஏழாவது மாதம் முனை வீடு இன்னொருவருக்குப் போயிற்று. அதே குடியிருப்பில், பின்வரிசையில், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அதற்கு உங்கள் முன்பணத்தை மாற்றிக்கொள்கிறேன் என்றார். பக்கவாட்டு நிலம் கிடையாது. அடுப்பு கிடையாது. ரோஸ்மேரி அக்கா ஏப்ரலிலிருந்தே என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். நான் போனால் தேநீர் வரும், முகம் வராது. தம்பி என்று கூப்பிட்டவர், “வந்தவங்களுக்கு டீ குடுங்க” என்று அண்ணனிடம் சொல்வார். நான் முதல் தேதி விடியும்போதே குளுவாங் இயந்திரத்தின் முன்னால் நின்றேன். சம்பளம் வராத மாதம் கைமாற்று வாங்கி நின்றேன். ரசீதை வாட்சாப்பில் அண்ணனுக்கு அனுப்புவேன். அவர் கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்புவார்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் அக்காவே என்னைப் போனில் கூப்பிட்டார். பயந்துகொண்டே எடுத்தேன்.

“உங்க அப்பா பேரு என்ன?”

“கருப்பையா. ஏன்க்கா?”

“கல்லறைத் திருநாளுக்குச் செத்தவங்க பேரெல்லாம் சர்ச்சுல எழுதிக் குடுக்கணும். பூசையில வாசிப்பாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இவருதான் பேங்க்ல தன்னோட அப்பான்னு சொல்லிட்டு வந்துட்டாரே. பொய்யாப் போயிடக்கூடாதுல்ல, தம்பி?”

ஏப்ரலுக்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்றது அன்றுதான். நவம்பர் இரண்டாம் தேதி கோவிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பாதிரியார் வாசித்துக்கொண்டே வந்தார். சவரிமுத்து, ஞானம்மா, கருப்பையா, ஆரோக்கியசாமி. ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தார். அப்பா கேட்டிருந்தால், ‘நல்ல சகவாசம்தாண்டா’ என்று சொல்லிச் சிரித்திருப்பார்.

அடுத்த மார்ச்சில், இந்த முறை அக்காவும் சேர்ந்து, மூவரும் மறுபடி வங்கிக்குப் போனோம். அதே பெண். அண்ணனின் அப்பா இல்லாத வருடம் எப்படிப் போனது என்று விசாரித்தாள். தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு கட்டத்திலும் பன்னிரண்டு சுழி. மதிப்பெண்ணும் ஏறியிருந்தது. “எஸ்.பி.எம். பரீட்சையில கூட நான் இவ்ளோ மார்க் வாங்கல லா” என்றார் அண்ணன். அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசை வீட்டுக்குக் கடன் கிடைத்தது.

எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் என் கண் போன வருடத்து ஜனவரியைத் தேடியது. ஜனவரி போயிருந்தது. பிப்ரவரியும் போயிருந்தது. அப்பா செத்ததை இந்த நாட்டில் எழுதி வைத்திருந்தது அந்த இரண்டு எண்கள்தான். காரணம் எழுதவில்லை, பெயர் எழுதவில்லை. ஆனாலும் ஏதோ நடந்தது என்று எழுதியிருந்தது. இப்போது அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

“பழைய ரிப்போர்ட் இருக்காக்கா, போன வருஷம் குடுத்தது?”

“அந்தக் குப்ப எதுக்குத் தம்பி?” என்றார் அக்கா. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுநாள் பாலிதீன் உறையில் போட்டு அண்ணனிடம் கொடுத்தனுப்பினார்.

கார் இன்னும் அண்ணன் பெயரில்தான் ஓடுகிறது. இந்த மாதம் முதல் தேதியும் இயந்திரம் கேட்டது, சவரிமுத்து மகன் அந்தோணிதானே என்று. சரி என்று தொட்டேன். காரில் வந்து உட்கார்ந்து, டேஷ்போர்டைத் திறந்து அந்தப் பழைய தாளை எடுத்தேன். உச்சியில் அவர் பெயர், அவர் அப்பா பெயர். அடையாள அட்டை எண், முகவரி, கடன், வரிசையாகச் சுழிகள், எல்லாம் அவருடையது. நடுவில் இருக்கும் 1, 2 மட்டும் என்னுடையது.